மருந்து ஆய்வில் சேரும் பெண்களும் கருத்தடையும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் முடக்குவாதத்துக்கான புது மருந்து ஆய்வுகளைப் பற்றி எழுதியபோது, “குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் ஆய்வு முடியும்வரை கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் மகப்பேறு மருத்துவர். மருந்து ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒன்றிலும் இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிற பகுதி எது என்று கேட்டால், கருத்தடைப் பகுதியைத்தான் சொல்வேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது. முடக்குவாதம் இருக்கிறது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். ஒரு பையன் இருக்கிறான். இதுவரை கருத்தடை எதுவும் செய்துகொண்டதில்லை. கணவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு தடவைதான் வருவார். “கருத்தடை மாத்திரை எழுதித் தருகிறோம், படிவத்தில் அதையே போட்டுவிடலாம்” என்கிறார் அங்குள்ள ஒருங்கிணைப்பாளர். சரி சொல்லிவிடலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: இன்றைக்கே சொல்ல வேண்டாம். ஆய்வில் சேர வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

இந்த நிபந்தனை எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது மருந்து கருவில் இருக்கும் குழந்தையை என்ன செய்யும் என்பது விலங்குகளில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். முடக்குவாத ஆய்வுகளில் பெரும்பாலும், அந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் கூடவே ஓடும். அது கருவைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. முதல் சில வாரங்களில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் கவனிப்பதற்குள் அதில் ஒரு பகுதி நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் “கரு தங்கினால் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடாமல் முன்கூட்டியே தடுக்கச் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். கணவர் மாதத்தில் இரண்டு நாள் வருகிறார். மாத்திரையோ தினமும் போட வேண்டும். அவர் இல்லாத இருபத்தெட்டு நாளும் எதற்கு மாத்திரை என்று மனசு கேட்கும். அவர் வருகிற வாரத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர்களின் மனைவிகள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இதுதான். விட்டு விட்டுப் போட்டால் இந்த மாத்திரை வேலை செய்யாது. சரியாகப் போட்டால் ஒரு வருடத்தில் 1,000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தங்கும். ஆனால் நிஜ வாழ்க்கையில் மறதியும் விடுபட்ட நாளும் சேரும்போது 100 பேரில் 7 பேருக்குத் தங்குகிறது. இது அமெரிக்கக் கணக்கு. ஆணுறையை மட்டும் நம்பினால் 100-க்கு 13. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு ஒன்றுகூட இல்லை.

உங்களுக்குக் காப்பர் டி பொருந்தும் என்று நினைக்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுவார்கள். 380 ஏ என்ற வகை 10 வருடம் வரை தாங்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். எடுத்த மாதமே கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. மாதவிடாய் கொஞ்சம் அதிகமாகப் போகலாம். ஏற்கனவே ரத்தசோகை இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். காப்பர் டி பிடிக்கவில்லை என்றால் ‘அந்தரா’ ஊசி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதை நிறுத்திய பிறகு மறுபடி கரு தங்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆய்வில் எந்த முறையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சில ஆய்வுகள் இரண்டு முறைகளைச் சேர்த்துக் கேட்கும்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று. அடுத்த குழந்தை எப்போது? ஒரு வருடத்துக்குள் என்று நீங்களோ கணவரோ மனசில் வைத்திருந்தால், இந்த ஆய்வு உங்களுக்கு ஏற்ற நேரத்தில் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு வெளியே வருவதில் தப்பே கிடையாது. உங்கள் வழக்கமான சிகிச்சையை அதற்காக யாரும் நிறுத்த முடியாது. ஒப்புதல் படிவத்தின் பிரதி உங்களுக்குச் சேர வேண்டியது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கிளினிக்கல் ரிசர்ச் படிப்பு படிக்கிறேன். ஆய்வுகளில் சேரும் பெண்களுக்குக் கருத்தடை இலவசம், மாதாமாதம் ஆலோசனையும் உண்டு. அப்படியும் எதிர்பாராமல் கரு தங்கிவிடுகிறது என்கிறார்கள். “பங்கேற்பாளரின் கவனக்குறைவு” என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா? – மாணவி, வேலூர்

பதில்: நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன், அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

ஃபெம்-பிரெப் என்று ஒரு ஆய்வு 2009-இல் தொடங்கியது. கென்யாவில் விக்டோரியா ஏரிப் பக்கம் இருக்கும் போண்டோ, தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபொன்டெய்ன், பிரிட்டோரியா, தான்சானியாவில் அருஷா, இந்த நான்கு ஊர்களில் 18 முதல் 35 வயது வரை 2,120 பெண்கள் சேர்ந்தார்கள். ட்ருவாடா என்ற எச்.ஐ.வி. மருந்து மாத்திரையைத் தினம் ஒன்று போட்டால் எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆணுறை தவிர இன்னொரு நல்ல கருத்தடை முறையும் இருந்தால்தான் சேர முடியும் என்று விதி வைத்தார்கள். மாத்திரையும் ஊசியும் ஆய்வு மையத்திலேயே இலவசமாகக் கிடைத்தன. 2011 ஏப்ரலில் ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். மருந்துக் குழுவுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்ட குழுவுக்கும் தொற்றில் வித்தியாசம் தெரியவில்லை, இனிமேல் தெரியவும் வாய்ப்பில்லை என்பதுதான் காரணம்.

இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவிலும் அந்த ஆய்வில் பெண்களுக்குக் கரு தங்கியது. தங்கியவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் கருத்தடை மாத்திரையைத் தேர்ந்தெடுத்தவர்கள், அதிலும் ஆய்வில் சேரும்போதுதான் புதிதாக மாத்திரை தொடங்கியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்குத்தான் தங்கியது. அவர்களுக்கும் அதே மையத்தில் அதே ஆலோசனைதான் தந்தார்கள். ஊசிக்காரப் பெண்கள் பொறுப்பானவர்கள், மாத்திரைக்காரப் பெண்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா? ஒரு முறைக்கு மூன்று மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தால் போதும். இன்னொன்றுக்கு ஒவ்வொரு நாளும் நினைவு வேண்டும், வீட்டில் இடம் வேண்டும், யாரும் பார்க்காத நேரம் வேண்டும்.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் வந்தது. நூற்றுக்கு 95 நாள் ஆய்வு மாத்திரையைப் போட்டோம் என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால், 100-க்கு 40 பேரிடம்கூட மருந்து தென்படவில்லை. பொய் சொன்னார்கள் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்களோடு நடந்த வாய்ஸ் என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்விலும் இதே நிலைமைதான். அங்கே பிறகு சில பெண்களைக் கூப்பிட்டு, அவர்கள் ரத்தத்தில் இருந்த மருந்து அளவை அவர்களிடமே காட்டிப் பொறுமையாகப் பேசினார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பக்கவிளைவு பயம். எச்.ஐ.வி. நோயாளிகள் போடும் மாத்திரையாகத் தெரிவதால் அக்கம்பக்கத்தில் பேச்சு வரும் என்ற பயம். கூட வாழ்பவரின் எதிர்ப்பு. உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை என்ற தயக்கம். இத்தனை தடைகளோடு ஆய்வு மாத்திரையையே போட முடியாதவர், பக்கத்தில் இருக்கும் கருத்தடை மாத்திரையை மட்டும் எப்படிப் போடுவார்?

நம் ஊரிலும் இதை நேராகப் பார்க்கலாம். மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 21 வெள்ளை மாத்திரை, 7 பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. பரிசோதனைக்கு வரும் பெண் காலி அட்டையைக் கொண்டுவருவார். எல்லாக் குழியும் ஒரே மாதிரி, ஒரே அழுத்தத்தில் உடைந்திருக்கும். தினமும் மாத்திரை போட்டதைக் குறிக்கும் டைரி அட்டையில் முப்பது டிக், எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து போட்டது என்று பார்த்தாலே தெரியும். நர்ஸ் ‘ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்’ என்று எழுதிவிடுவார். அந்த இடத்தில் “இதை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “அரிசி டின்னுக்குள்ளே”, “பீரோவில் மடித்த புடவைக்கு நடுவில்”, “எதிர்வீட்டு அக்காவிடம்” என்று பதில் வரும். மாமியார் சமையலறையிலேயே இருக்கும் வீட்டில் அரிசி டின்னைத் திறக்க எத்தனை நாள் முடியும் என்று அப்புறம் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டிக் போட்டதற்காக அந்தப் பெண்ணை நான் ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. உண்மையைச் சொன்னால் ஆய்விலிருந்து அனுப்பிவிடுவார்கள், இலவசப் பரிசோதனையும் பயணப்படியும் போய்விடும் என்ற பயத்தை அவருக்குள் வைத்தது நாம்தான்.

ஆக, எதிர்பாராத கர்ப்பம் யாருக்கு வர வாய்ப்பு அதிகம்? வயது குறைந்தவர்களுக்கு. மாத்திரையையோ ஆணுறையையோ மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு. ஆய்வில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு முறையைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு. நடுவில் முறையை மாற்றுபவர்களுக்கும், விட்டவர்களுக்கும். கணவருக்கு இன்னொரு குழந்தை ஆசை இருந்து மனைவி வாயைத் திறக்காத வீடுகளில். நீங்கள் எந்த ஆய்வின் கோப்பைப் புரட்டினாலும் இவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு நம்முடைய ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டு குழந்தை பிறந்ததும் ஆபரேஷன் என்பது வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே இருக்கும் வருடங்களில் பலர் எந்த முறையையும் தொட்டதே இல்லை. ஆய்வுக்கு வரும் 25 வயதுப் பெண் சரியாக அந்த நடு வருடங்களில் இருக்கிறார். வாழ்க்கையில் முதன்முதலாகக் கருத்தடை என்ற ஒன்றை அவர் ஆய்வு மையத்தில்தான் பார்க்கிறார். ஒரு பத்து நிமிட ஆலோசனையும் கையில் ஒரு அட்டையும் கொடுத்து அனுப்பினால் என்ன நடக்கும்?

கரு தங்கினால் ஆய்வு மருந்தை நிறுத்த வேண்டும். நிறையப் பேருக்கு அப்படி நின்றால் ஆய்வின் பலமே குறைந்துவிடும், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியாமலே போகலாம். ஆய்வாளர்களின் கவலை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கவலை எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் பாருங்கள். தாலிடோமைடு மாத்திரையால் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறையோடு பிறந்தார்கள், 1961-இல்தான் அதைச் சந்தையிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சி பல வருடம் நீடித்தது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தை பெறக்கூடிய பெண்களை ஆரம்பகட்ட ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. 1993-இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் ஆண்களின் உடம்பில் மட்டும் அளந்து பார்த்த எத்தனையோ மருந்துகளைப் பெண்கள் சாப்பிட்டார்கள். பெண்களை வெளியே நிறுத்தினால் கர்ப்பம் என்ற பிரச்சினை ஆய்வுக்கு இருக்காது, மருந்தால் வரும் பிரச்சினை மட்டும் பெண்களுக்கு வந்து சேரும். அதனால் “கரு தங்கும் ஆபத்து அதிகம், இவரைச் சேர்க்க வேண்டாம்” என்று கழித்துவிடுவதற்காக மேலே சொன்ன காரணங்களைப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த உதவி கூடுதலாக வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

வழி இருக்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. தடுப்புக்காகப் பெண்ணுறுப்புக்குள் வைக்கும் டேபிவிரின் மருந்து வளையத்தைச் சோதித்த ஆஸ்பயர் ஆய்வு 2012-இல் தொடங்கியபோது, முந்தைய ஆய்வுகளின் அனுபவத்தைப் பார்த்து, கருத்தடைக்கென்றே தனிக் குழு போட்டார்கள். மலாவி, உகாண்டா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்க மையங்களில் காப்பர் டி-யும், கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட்டும் போட நர்ஸ்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ‘எழுதித் தருகிறேன், வேறு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டு வா’ என்று அனுப்பாமல் அங்கேயே, அன்றைக்கே போட்டார்கள். நீண்டகால முறைகளைக் கேட்டு வாங்கும் பெண்கள் கூடினார்கள். இன்னொன்று, 2019-இல் முடிவு வெளியான எக்கோ ஆய்வு. எஸ்வாட்டினி, கென்யா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்காவில் 7,829 பெண்கள். அங்கே கருத்தடை முறைகளேதான் ஆய்வுப் பொருள்: ஊசி, காப்பர் டி, இம்பிளான்ட். கருத்தடை வேண்டும் என்று தாங்களே நினைத்து வந்த பெண்கள் என்பதால், ஆய்வுக் காலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தங்களுக்குக் கிடைத்த முறையிலேயே இருந்தார்கள். தன் விருப்பத்துக்காக எடுத்துக்கொள்வதற்கும், ஒரு படிவத்தின் தகுதிக்காக எடுத்துக்கொள்வதற்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

இதெல்லாம் எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்புக்காக செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற ஜெல்லைச் சோதித்த ஆய்வு சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் நடந்தது. 2007 ஜனவரியில் அதை நிறுத்தினார்கள். அந்த ஜெல் கருத்தடைக்கும் உதவுமா என்று வேறு ஆய்வுகளில் தனியாகப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட பொருளைக் கையில் கொடுக்கும்போது, ‘இது கருவையும் தடுத்துவிடும்’ என்று பெண்கள் நினைத்துவிட இடம் உண்டு. இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு படிவத்திலும் நான் தேடிப் பார்ப்பேன்.

நீங்கள் வேலைக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். படிவத்தில் “எந்தக் கருத்தடை முறை?” என்ற கேள்விக்கு முன்னால், “அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று வாயால் கேளுங்கள். சேரும் நாளில் மட்டும் கேட்டால் போதாது, ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். சேரும்போது வேண்டாம் என்றவருக்கு எட்டு மாதம் கழித்து வேண்டும் என்று தோன்றலாம். கல்யாணம் ஆகியிருக்கலாம், ஒரு குழந்தையை இழந்திருக்கலாம். அப்படிச் சொன்னால் மருந்தை முறையாக நிறுத்திவிட்டுத் திட்டமிட்டுக் கர்ப்பம் தரிக்க வழி இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவி காசநோய் மருந்து ஆய்வு ஒன்றில் இருக்கிறாள். ஏற்கனவே மாலா-என் மாத்திரை சாப்பிடுகிறாள். அது போதும்தானே? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவர் சாப்பிடும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால், மாலா-என் போதாது. ஒருநாள்கூட விடாமல் போட்டாலும் போதாது. ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோனைக் கல்லீரல் சீக்கிரமாகக் கழித்துவிடும்படி செய்துவிடும். இம்பிளான்ட்டுக்கும் இதே பிரச்சினைதான். காப்பர் டி-க்கு இதனால் பாதிப்பில்லை. மூன்று மாத ஊசியையும் போட்டுக்கொள்ளலாம். அப்படி முறையை மாற்றும்வரை ஆணுறையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் கவனமாக இருங்கள்.

இந்தத் தகவல் சேர வேண்டியவர்களுக்குச் சேருவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. காசநோய் ஆய்வில் சென்னைக்கு இருக்கும் பெருமை சின்னதில்லை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையம்தான், காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. அப்படிப்பட்ட ஊரில், ரிஃபாம்பிசினும் கருத்தடை மாத்திரையும் ஒத்துப்போகாது என்பது ஒவ்வொரு மருந்து அட்டையின் பின்னாலும் தமிழில் இருக்க வேண்டும். மனைவி மாத்திரை சாப்பிடுவது ஆய்வு டாக்டருக்குத் தெரியுமா? குடும்பக் கட்டுப்பாடு மாத்திரையைப் பலர் ‘மருந்து’ என்று கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அடுத்த முறை போகும்போது அட்டையையே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். இதைக் கணவரே எழுதிக் கேட்டது எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: ஆய்வில் இருக்கிறேன். நாள் தள்ளிப்போய் வீட்டில் சோதித்ததில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. ஒழுங்காகத்தான் மாத்திரை போட்டேன், ஊருக்குப் போனபோது நான்கு நாள் விட்டுவிட்டது. சொன்னால் திட்டுவார்களா, இதுவரை செலவு செய்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஆய்வே முடிந்துவிடும், அதுவரை சொல்லாமல் இருந்துவிடலாமா? – பெயர் வேண்டாம், சென்னை

பதில்: வேண்டாம் அம்மா. இந்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, உங்கள் கடிதத்துக்கு மட்டும் ஆசிரியர் குழு மூலமாக முன்பே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆய்வு மருந்தை இனிமேல் போடாதீர்கள், உடனே ஆய்வு மையத்துக்குப் போன் செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தின் கடைசியில் டாக்டரின் எண் இருக்கும். மற்ற மருந்துகளை மட்டும் அவர்களைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். யாரும் உங்களிடம் பணம் கேட்க முடியாது. கரு தங்குவது ஒப்பந்தத்தை மீறிய குற்றம் இல்லை. ஆய்வில் நடந்த ஒரு நிகழ்வாகத்தான் அதைப் பதிவு செய்வார்கள். நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிப்பார்கள். மருந்து நின்றாலும் உங்களைக் கைவிடக் கூடாது. வழக்கமாகப் பிரசவம்வரை, பிறகு குழந்தையையும் கவனித்துப் பதிவு செய்வார்கள்.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆய்வாளர் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. அந்த மருந்தைப் பற்றி இதுவரை தெரிந்ததை முழுசாக உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை, கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் பார்த்து எத்தனை வாரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, கருத்தடை தவறியதும் ஒரு காரணமாக ஏற்கப்படுகிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கணவர் கையெழுத்து வேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். வயது வந்த பெண்ணுக்குச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை, உங்கள் ஒப்புதல் மட்டும் போதும். தொடர்வது என்று முடிவு செய்தால், எந்த மருந்து, எந்தத் தேதிவரை போட்டீர்கள் என்ற விவரத்தை எழுத்தில் வாங்கி உங்கள் மகப்பேறு டாக்டரிடம் கொடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகளின்படி, பெற்றோர் ஆய்வில் பங்கேற்றதால் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால், அதுவும் இழப்பீட்டுக்கு உரிய பாதிப்புதான். நீங்கள் மறைத்து வைத்தால் அந்த உரிமையை நிரூபிப்பதும் கஷ்டமாகிவிடும். மையத்தில் யாராவது உங்களைத் திட்டினால், அதே படிவத்தில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணுக்குப் பேசுங்கள். எங்களைப் போன்றவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பது இதற்குத்தான்.

கேள்வி: எனக்கு 23 வயது, கல்யாணம் ஆகவில்லை. தோல் நோய் மருந்து ஆய்வுக்கு அம்மாவோடு போனேன். எல்லார் முன்னாலும் “யூரின் பிரெக்னன்சி டெஸ்ட் எடுக்கணும், என்ன கருத்தடை?” என்று கேட்டார்கள். அம்மா முகமே மாறிவிட்டது. இது அவசியமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பரிசோதனை அவசியம்தான். உங்கள் மேல் சந்தேகம் இருப்பதால் எடுப்பதில்லை, அந்த வயதில் இருக்கும் எல்லாருக்கும் எடுக்கிறார்கள். கேட்ட விதம்தான் மகா தப்பு. அந்தக் கேள்வியைத் தனி அறையில், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அம்மா முன்னால் கேட்டால் 23 வயதுப் பெண் என்ன பதில் சொல்வாள்? “அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்பாள். அது உண்மையாக இருந்தாலும் அதே பதில்தான், இல்லாவிட்டாலும் அதே பதில்தான். கடைசியில் உதவி தேவைப்படும் பெண்ணுக்கு உதவி கிடைக்காமல் போகிறது. உடலுறவு இல்லை என்பதையே பல ஆய்வுகள் ஒரு முறையாக ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் நிலைமை மாறினால் யாரிடம், எப்படிச் சொல்வது என்று நர்ஸிடம் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது. சென்னையிலேயே பல மருந்துக் கடைகளில் அதை வைத்திருப்பதில்லை. அதனால் எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அம்மாவிடம், “ஆய்வில் சேரும் எல்லாருக்கும் இது உண்டு, கல்யாணம் ஆனவர்களுக்கும் உண்டு” என்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையே காட்டினாலும் சரி.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா? – வாசகி, சிவகாசி

பதில்: பெரும்பாலும் வேறு முறை கேட்க மாட்டார்கள். ஆபரேஷன் சான்றிதழை எடுத்துப்போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அபூர்வமாக, 200 பேரில் ஒருவருக்கு, கரு தங்கியதுண்டு. அதனால் சிறுநீர் பரிசோதனை எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், ஆய்வு மையத்துக்கு அல்ல, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

கேள்வி: ஆண்கள் ஆய்வில் சேர்ந்தால் எந்த நிபந்தனையும் இல்லையா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு, மருந்தைப் பொறுத்து. விந்தணுவைப் பாதிக்கும் மருந்தாக இருந்தால் ஆய்வு முடிந்த பிறகும் ஆணுறை போடச் சொல்வார்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், பொதுவாக மூன்று மாதம் என்று கணக்கு வைக்கிறார்கள். வாசெக்டமி என்ற ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்றால், விந்தில் அணுக்கள் இல்லை என்ற பரிசோதனை அறிக்கையைக் கேட்கலாம், அதையும் கையோடு கொண்டுபோங்கள்.